ஐந்துக்கு நான்கு

"அடுத்த இரண்டு ஆண்டுகளும்
இந்த நிறுவனத்தில்தான் இருப்பேன்."
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
ஏதாவது ஒன்றைத் தொடச் சொல்கிறது திரை.
செவ்வாய்க்கிழமையிலிருந்து திறந்தே கிடக்கிறது.

ஒன்பது வருடம்
விடியுமுன் நாலே முக்காலுக்கு
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் நின்றவன் நான்.
சூளகிரி வரை தூக்கம்,
ஓசூரில் ஒரு விழிப்பு,
அத்திப்பள்ளி நெரிசலில்
முதல் நாள் மிச்சம் வைத்த மின்னஞ்சல்.
பஸ் கண்ணாடியில் இடித்து இடித்து
நெற்றியின் இடப்பக்கம் ஒரு தழும்புகூட உண்டு.
அந்த நாட்களில் வேறு கம்பெனிக்காரன் கூப்பிட்டால்
போனை எடுக்கவே மாட்டேன்.
இவ்வளவு கொடுத்துப் போகிற இடம்
நல்ல இடமாகத்தானே இருக்க வேண்டும்?

இப்போது அலுவலகம்
படுக்கையிலிருந்து பதினோரு அடி.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள்
ஜன்னலுக்குக் கீழே வரிசை கட்டி உறுமுகின்றன.
மீட்டிங்கில் ஹைதராபாத் சிரிக்கிறது,
"மாதேஷ், மியூட் பண்ணுங்க, ப்ளீஸ்."
என் கீழே பதினான்கு பேர்.
மூன்று பேருக்கு முகம் உண்டு.
மற்றவர்கள் வட்டத்துக்குள் இரண்டெழுத்து.
பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிகிறதா என்று
பார்ப்பதும் என் வேலை என்றார்கள்.
பார்க்கிறேன்.
என் பொட்டு அணையாதிருக்க
இடது கையால் மவுஸை அசைத்தபடி
வலது கையால் மகளுக்கு இட்லி ஊட்டுகிறேன்.

போன மாதம் ஒருவன் கூப்பிட்டான், எடுத்தேன்.
முப்பது சதவீதம் கூடுதல்.
அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே டிராக்டர்.
மாறப்போவது கடவுச்சொல் மட்டும்.
அது எப்படியும்
தொண்ணூறு நாளுக்கொரு தரம் மாறுவதுதான்.
யோசிக்கிறேன் என்றேன்.
அந்த வார்த்தையை நான் சொன்னது
எனக்கே தனியாகக் கேட்டது.

"போறதுன்னா, எங்கிருந்து எங்க போவீங்க?"
என்றாள் சௌபாக்கியா.
கிண்டலில்லை,
கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே
நிஜமாகத்தான் கேட்டாள்.

வியாழனன்று பழைய லேப்டாப்பை ஒப்படைக்க
நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.
அதே பஸ், இடப்பக்கச் சீட்டு.
தழும்பு தன் இடம் தேடிப் போய்
கண்ணாடியில் சாய்ந்துகொண்டது.
வாசலில் அட்டையைக் காட்டினேன்.
சிவப்பு.
சட்டையில் துடைத்துக் காட்டினேன்.
சிவப்பு.
எங்கள் ஏழாவது மாடியை
எப்போதோ காலி செய்துவிட்டார்களாம்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள்,
நான் திறக்காத ஏதோவொரு மின்னஞ்சலில்.

காவலுக்கு நின்றவர் வேப்பனப்பள்ளி திம்மராயன்.
"சார், ராத்திரி எல்லாரும் போனதுக்கப்பறம்
லைட்டெல்லாம் நிறுத்திட்டு வருவீங்களே,
அந்த சார்தானே?"
யாரும் சொல்லி நான் நிறுத்தியதில்லை.
யாரும் பார்த்ததாகவும் நினைத்ததில்லை.
"நீங்க இன்னும் இங்கயேவா?" என்றேன்.
"இது மூணாவது ஏஜென்சி, சார்.
சட்டைதான் மாறுது. கேட்டு அதே கேட்டு."
என் சட்டையில்
'பார்வையாளர்' என்ற ஸ்டிக்கரை ஒட்டி
நான்காம் மாடிக்கு அனுப்பினார்.
துவைத்த பின்னும் பசை போகவில்லை.

இன்றுதான் கடைசி நாள் என்று
மூன்றாம் தடவையாக நினைவூட்டல்.
நான்கைத் தொட்டேன்.
பொய்யா என்று தெரியவில்லை.
அந்த ஒன்றை எதற்காகப் பிடித்து வைத்துக்கொண்டேன்,
அதுவும் தெரியவில்லை.
அடுத்த கேள்வி வந்தது:
"உங்கள் குழுவினர் இங்கே நீடிப்பார்கள்
என்று நம்புகிறீர்களா?"
பதினான்கு பச்சைப் பொட்டுகள்.
அங்கங்கே எந்தக் கை
யாருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறதோ.

கரண்ட் போனது.
மோடத்தின் கண் மூடியது.
எங்கோ ஒரு மேலாளர் திரையில்
என் பொட்டு சாம்பலாகியிருக்கும்.
இருட்டில் எழுந்து
சுவரைத் தடவிக்கொண்டு போன கை
எரியாத விளக்கின் சுவிட்சை
நிறுத்திவிட்டுத்தான் திரும்பியது.